தகட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கிளியோ வில்லியம்ஸ் மூன்றில் எதை வாங்குவது

நம் ஊரில் ரெனால்ட் என்றால் க்விட், டஸ்டர், ஒரகடம் என்றுதான் நினைவு போகும். ஐம்பது வயதைத் தொட்ட ஐரோப்பியக் கார் பிரியர் ஒருவரிடம் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். அடர்நீல உடலும் பொன்னிறச் சக்கரங்களுமாக ஒரு சின்னக் காரைப் பற்றி அவர் பேசத் தொடங்கிவிடுவார். அதுதான் கிளியோ வில்லியம்ஸ். 1993-இல் வந்தது. மூன்று கதவு, இரண்டு லிட்டர் என்ஜின், 150 குதிரைத்திறன், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. காலையில் காய்கறி வாங்கப் போய்விட்டு மாலையில் மலைப்பாதையில் விரட்டி ஓட்டலாம் என்ற வகைக் கார்களை ஹாட் ஹேட்ச் என்பார்கள். தொண்ணூறுகளின் ஹாட் ஹேட்ச்களில் சிறந்தது எது என்று விவாதம் வந்தால், இந்தக் காரின் பெயர் அடிபடாமல் அது முடிவதில்லை.

இன்று அதைத் தேடிப் போகிறவருக்கு முன்னால் மூன்று கார்கள் நிற்கின்றன: வில்லியம்ஸ் 1, வில்லியம்ஸ் 2, வில்லியம்ஸ் 3. முதலாவதன் டாஷ்போர்டில் வரிசை எண் பொறித்த ஓர் உலோகத் தகடு இருக்கும். மற்ற இரண்டிலும் இருக்காது. ஒரே நிலையில் உள்ள மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், சந்தை முதலாவதற்குத்தான் அதிக விலை வைக்கும். அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா? பெரும்பாலானவர்கள் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. காரணம் இந்தக் காரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கிளியோ 1990-இல் அறிமுகமாகி, 1991-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதையும் வாங்கியது. பின்னாலேயே அதன் 16 வால்வு வடிவம் வந்தது. 1,764 சிசி என்ஜின், 140-ஐ ஒட்டிய குதிரைத்திறன். சாலைக்கு அது தாராளம். பந்தயத்துக்குப் போதவில்லை. 1993-இல் உலக ராலி பந்தயத்தில் இரண்டு லிட்டர் கார்களுக்கென்று தனிக் கோப்பை தொடங்கியது. எதிராளிகள் இரண்டு லிட்டர் முழுவதையும் பயன்படுத்தும்போது 1.8 லிட்டரோடு போய் நின்றால் தொடக்கத்திலேயே பின்தங்க வேண்டியதுதான். எனவே ரெனால்ட் ஸ்போர்ட் பிரிவு கிளியோவுக்குள் பெரிய என்ஜினை வைக்கத் தீர்மானித்தது. ராலியில் ஓட்டும் காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்பது குரூப் ஏ விதி. அப்போது அதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கை 2,500. ரெனால்ட் 3,800 கார்கள் தயாரிப்பதாகத் திட்டமிட்டது. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகடு. தகட்டின் பிறப்பு இப்படி.

என்ஜினுக்குள் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் காரின் சுபாவமே அங்கிருந்துதான் வருகிறது. பழைய 16 வால்வு என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 82 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 83.5 மி.மீ. வில்லியம்ஸின் எஃப்7ஆர் என்ஜினில் விட்டம் 82.7 மட்டுமே. பிஸ்டனின் பயணம் 93 மி.மீ. ஆகிவிட்டது. அதாவது, அகலத்தில் ஏறக்குறைய எதையும் கூட்டாமல் நீளத்தில் கூட்டி 1,998 சிசி கொண்டுவந்திருக்கிறார்கள். பிஸ்டனுக்கு நீண்ட பயணம் கொடுத்தால் என்ஜின் உச்சச் சுழற்சிக்கு ஏறிப் பாடுவது குறையும், கீழ்ச் சுழற்சியில் இழுவை கூடும். வில்லியம்ஸ் தன் முழுத் திறனை நிமிடத்துக்கு 6,100 சுழற்சியிலேயே எட்டிவிடுகிறது. இழுவிசை 4,500 சுழற்சியில் 175 நியூட்டன் மீட்டர். ஓட்டுகிறவருக்கு இது எப்படித் தெரியும் என்றால், கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டிய இடத்தில் மூன்றாவதிலேயே கார் இழுத்துக்கொண்டு போகும். உச்ச வேகம் மணிக்கு 215 கி.மீ., நூறை எட்ட எட்டு விநாடிக்கும் குறைவு என்ற கணக்கெல்லாம் இன்றைய சாதாரண மின்சாரக் காருக்கு முன் ஒன்றுமில்லை. அந்த மூன்றாவது கியர்தான் இதை வாங்கக் காரணம்.

கூடிய இழுவிசையைப் பழைய கியர்பாக்ஸ் தாங்காது என்பதால் ஜேசி5 என்ற வலுவான கியர்பாக்ஸைப் பொருத்தினார்கள். முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டினார்கள். 15 அங்குல ஸ்பீட்லைன் சக்கரங்களுக்குப் பொன்னிறம் பூசினார்கள். உள்ளே மீட்டர்களின் முகம் நீலம், சீட் பெல்ட் நீலம், தரைவிரிப்பும் நீலம். ஒரே வண்ணத்தில் இவ்வளவு பிடிவாதமா என்று முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதுதான் இன்று தேடினாலும் கிடைக்காத பொருள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் வில்லியம்ஸ் ஃபார்முலா 1 அணிக்கும் இந்தக் காரின் தயாரிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர்கள் ஒரு திருகாணியைக்கூடத் திருகவில்லை. ரெனால்ட் என்ஜினோடு அந்த அணி 1992-இல் நைஜல் மான்செல்லையும் 1993-இல் அலென் ப்ரோஸ்டையும் உலகச் சாம்பியனாக்கியது. அந்தப் புகழைக் கதவில் ஒட்டிக்கொண்டது ரெனால்ட், அவ்வளவுதான். நீலமும் பொன்னும் ராத்மன்ஸ் சிகரெட் விளம்பரத்தின் நிறம் என்று விற்பனையாளர்கள் சிலர் கதை சொல்வார்கள். வில்லியம்ஸ் அணிக்கு ராத்மன்ஸ் வந்தது 1994-இல். கார் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது.

இனித் தகட்டின் கதை. கார் வந்தது, விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆசை யாரை விட்டது? 3,800 என்று திட்டமிட்ட முதல் வரிசையே 5,400-ஐத் தாண்டியது. அதோடு நிற்கவில்லை. 1994-இல் வில்லியம்ஸ் 2 வந்தது. அடுத்து வில்லியம்ஸ் 3. எண் பொறித்த தகட்டைக் காட்டி ‘இத்தனைதான்’ என்று நம்பவைத்து விற்ற கார் மறுபடியும் கடைக்கு வந்ததைப் பார்த்து, முதல் காரை வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். நியாயம்தான். மூன்று வரிசையும் முடிந்தபோது மொத்தம் ஏறத்தாழ 12,100 கார்கள் தெருவில் இருந்தன. ஒரு தயாரிப்பாளர் தன் வாக்கை எத்தனை மடங்கு நீட்டலாம் என்பதற்கு, மூன்று மடங்குக்கு மேல் என்று ரெனால்ட் விடை சொல்லிவிட்டது.

இதே நிறுவனம் பத்தாண்டுக்கு முன்னும் இதையே செய்திருக்கிறது. 1980-இல் வந்த ரெனால்ட் 5 டர்போ, என்ஜினைப் பின்னிருக்கை இருக்க வேண்டிய இடத்தில் வைத்த விசித்திரமான கார். 1981 மான்டே கார்லோ ராலியை ழான் ராக்னோட்டி அதில்தான் வென்றார். முதல் டர்போவின் கூரையும் கதவுகளும் அலுமினியம், உள்ளே தனியாக வடிவமைத்த இருக்கைகள். பின்னால் வந்த டர்போ 2-இல் அலுமினியம் போய் இரும்பு வந்தது, சாதாரண ரெனால்ட் 5-இன் உள்பாகங்கள் வந்தன, விலை இறங்கியது. எனவே முதல் டர்போவுக்கு ஒருவர் அதிகப் பணம் கொடுத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. அவர் வேறொரு பொருளை வாங்குகிறார். வில்லியம்ஸ் விஷயத்தில் அப்படி இல்லை. 1, 2, 3 என எதை எடுத்தாலும் அதே எஃப்7ஆர் என்ஜின், அதே 150 குதிரைத்திறன், அதே ஜேசி5 கியர்பாக்ஸ், அதே பொன்னிறச் சக்கரங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் எது எந்த எண் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு வித்தியாசம் எங்கே? முதலாவதில் தகடு உண்டு, பக்கக் கண்ணாடிகளைக் கையால்தான் திருப்ப வேண்டும், கூரையில் திறப்பு கிடையாது. மூன்றிலும் எடை குறைந்தது இதுதான் என்று அதன் பிரியர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்தச் சில கிலோ, பெட்ரோல் டேங்க்கை அரைவாசி நிரப்பினால் சரிக்கட்டிவிடக் கூடிய வித்தியாசம். இரண்டாவது, சாதாரண கிளியோவுக்கு வந்த முகமாற்றத்தைத் தானும் பெற்றது. பக்கக் கண்ணாடிகள் மின்சாரத்தில் இயங்கும், தகடு இல்லை. நீலம் இரண்டுக்கும் ஒன்றே: 449 என்ற எண்ணுள்ள ஸ்போர்ட்ஸ் நீலம். நிழலில் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும், வெயிலில்தான் நிறம் பேசும். மூன்றாவதற்கு 432 என்ற எண்ணுள்ள மொனாக்கோ நீலம். அது நிழலிலும் நீலமாகவே இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனுக்கு மூன்று வரிசையும் சேர்ந்து வந்தவை 1,200-ஐ ஒட்டித்தான். அதில் மிகக் குறைவாக வந்தது, தகடு இல்லாத மூன்றாவதுதான். அரிய கார் வேண்டும் என்று லண்டனில் இருந்துகொண்டு தகட்டைத் தேடுகிறவர், அங்கே உண்மையிலேயே அரிதான காரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் சொன்னபின், வாங்கும்போது எதைப் பார்ப்பது? இந்தக் கார்களுக்கு முப்பது வயது ஆகிவிட்டது. எண்ணைவிட உடம்பு முக்கியம். காரின் பின்னால் நான்கைந்து அடி தள்ளி நின்று, குனிந்து பின் சக்கரங்களைப் பாருங்கள். இரண்டும் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் பின் அச்சின் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். இந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சின்னக் கார்களில் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இருக்காது. அச்சுக்குள் குறுக்காகப் படுத்திருக்கும் முறுக்குக் கம்பிகள்தான் காரைத் தாங்கும். பேரிங் போனால் அச்சு முழுவதையும் இறக்கி வேலை பார்க்க வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் வைக்காமல் விலை பேசாதீர்கள்.

அடுத்து துரு. பின் சக்கரங்களுக்கு மேலான வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, பெட்ரோல் ஊற்றும் மூடியின் சுற்றுப்புறம். விரல் நுனியால் தட்டிக்கொண்டே போங்கள். இரும்பின் ஓசை திடீரென்று மந்தமாகும் இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த காரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வில்லியம்ஸ் 3-ஐ 449 நீலத்தில் அடித்துவிட்டாலோ, முதலாவதை 432-இல் அடித்துவிட்டாலோ, பானட்டைத் தூக்கி உள்மூலைகளைப் பார்த்தால் இரண்டு நீலம் தெரியும். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பாருங்கள். மழை நாளில் கார் பார்க்கப் போகாதீர்கள். நனைந்தால் எல்லாப் பெயின்ட்டும் நல்ல பெயின்ட்தான்.

என்ஜினைப் பொறுத்தவரை பெரிய பயம் வேண்டாம். எஃப்7ஆர் குடும்பத்தைப் பின்னால் மெகான் கூப்பேயிலும் ரெனால்ட் ஸ்போர்ட் ஸ்பைடரிலும் பயன்படுத்தினார்கள் என்பதால், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் கரகரத்தால் விலையைக் குறையுங்கள். எக்ஸாஸ்ட் குழாய்கள் என்ஜினோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ளுங்கள். என்ஜின் சூடேறும் முன் வண்டியைக் கிளப்பச் சொன்னால் டிக் டிக் என்ற ஓசை காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அந்த நீலப் பொருள்களுக்கு வருகிறேன். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எப்படியாவது பாகம் தேடிவிடலாம். வில்லியம்ஸுக்கென்றே நெய்த இருக்கைத் துணியும், நீல முக மீட்டர்களும், நீல பெல்ட்டும் புதிதாகக் கிடைக்காது. இன்னொரு வில்லியம்ஸ் விபத்தில் செத்தால்தான் அவை சந்தைக்கு வரும். ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க விளிம்பு, ஏறி இறங்கும்போது தொடை உரசும் இடம், அங்கே துணி கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், தகடு உள்ள கிழிந்த இருக்கையைவிடத் தகடு இல்லாத முழு இருக்கைக்கு அதிகம் கொடுப்பேன்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரண கிளியோ 16 வால்வுக்கும் வில்லியம்ஸுக்கும் வெளித்தோற்றத்தில் உறவு மிக நெருக்கம். புடைத்த முன் ஃபெண்டர்களும் பானட்டின் மேல் உள்ள காற்று வாயும் இரண்டிலும் உண்டு. அதற்கு நீலம் அடித்து, பொன்னிறச் சக்கரம் மாட்டி, மெகானிலிருந்து எடுத்த என்ஜினையும் இறக்கிவிட்டால் தூரத்தில் நின்று கண்டுபிடிப்பது கடினம். தகடும் தனியே கழன்று வரக்கூடிய பொருள்தான். திருகாணியால் நிற்கும் ஒன்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. சேசிஸ் எண், பதிவுப் புத்தகம், முதல் உரிமையாளரிலிருந்து தொடரும் சர்வீஸ் ரசீதுகள் இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ராலிக்காகப் பிறந்த கார் என்பதால் பலவற்றை ராலியிலேயே ஓட்டித் தீர்த்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தரைவிரிப்பை ஒரு மூலையில் தூக்கினால், பாதுகாப்புக் கூண்டு பற்றவைத்திருந்த தழும்பு தெரியும்.

யார் எதை வாங்கலாம்? ஏலத்தில் எடுத்துக் கொட்டகையில் மூடி வைத்து, பத்தாண்டு கழித்து விற்க நினைப்பவர் வில்லியம்ஸ் 1-ஐத்தான் வாங்க வேண்டும். சந்தைக்கு உணர்ச்சி உண்டு, தகட்டை அது விடாது. அவரிடம் நான் வாதாட மாட்டேன். ஆனால் எண்ணும் ரசீதும் பொருந்தாத ஒன்றை அவர் வாங்கினால் அது முதலீடு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்பவருக்கு என் தேர்வு வில்லியம்ஸ் 2, அதுவும் கூரையில் திறப்பு இல்லாத கார். திறப்பு என்பது இந்த வயதில் தண்ணீர் ஒழுகும் ஒரு துளைதான். அதே அடர் நீலம், அதே என்ஜின், கையை நீட்டாமல் திருப்பக் கூடிய கண்ணாடி. முதலாவதற்குக் கொடுக்க இருந்த கூடுதல் பணத்தில் பின் அச்சைப் புதுப்பித்து, நல்ல டயரும் போட்டுவிடலாம்.

மூன்றாவதைப் பரிந்துரைப்பதில் எனக்குச் சின்னத் தயக்கம் உண்டு, நிறம் காரணமாக. அந்தப் பளிச்சென்ற நீலம் பொன்னிறச் சக்கரத்தோடு கொஞ்சம் சண்டை போடுகிறது. அது ருசி சார்ந்த விஷயம். பிரிட்டனில் இருப்பவர், வலப்பக்க ஸ்டீயரிங் வேண்டும் என்பவர், நிறம் உறுத்தவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். அங்கே மூன்றில் குறைவாக வந்தது என்பதைச் சந்தை முழுவதுமாகக் கணக்கில் எடுக்கும் முன் வாங்கினால் இன்னும் நல்லது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி என்பவருக்குத் தெரிவு பல மடங்கு கூடிவிடும், ஏனெனில் 12,100-இல் பெரும்பகுதி இடப்பக்கம்தான்.

இந்த மூன்றுமே கைக்கு எட்டாது என்றால் சாதாரண கிளியோ 16 வால்வு இருக்கிறது. 1,764 சிசி, உச்சச் சுழற்சியில் உற்சாகம் அதிகம், கீழே இழுவை குறைவு. நான் மேலே சொன்ன மூன்றாவது கியர் சுகம் அதில் கிடைக்காது, இரண்டாவதுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பின் அச்சு, துரு, பெல்ட் என்று நான் சொன்ன சோதனைகள் எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும். நல்ல உடம்போடு கிடைத்தால் பேரம் பேசி வாங்கி விடுங்கள், அதற்கு நீலம் மட்டும் அடிக்காதீர்கள்.